படிக்கட்டில் எழுந்து வந்தவருக்கு

கேள்வி: 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மூன்று படங்களையும் ஒரே நாளில் காட்டுகிறார்கள் என்று என் பள்ளித் தோழன் வற்புறுத்திக் கூட்டிப் போனான். டிக்கெட்டும் அவனே எடுத்திருந்தான். காலை பத்து மணிக்கு உட்கார்ந்தோம். மூன்றாவது படத்தில், செங்குத்தான பாறைப் படிகளில் ஏறிக்கொண்டிருக்கும்போது கூட வந்த குண்டுப் பையனை 'நீ வீட்டுக்குப் போ' என்று விரட்டிவிடுகிறான் இன்னொருவன். அதற்குமேல் முடியவில்லை, முதுகு விட்டுப் போச்சு. சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அன்றிலிருந்து அவன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மந்திர மோதிரம், பேசும் மரம் என்று சின்னப் பிள்ளைகள் கதைக்காக 44 வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தது நான். கோபப்பட அவனுக்கு என்ன இருக்கிறது?
- பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: இருக்கிறது. நீங்கள் எழுந்து வந்த இடம் அப்படிப்பட்ட இடம்.

அந்தக் குண்டுப் பையன் பெயர் சாம். எரிமலையில் போட்டு அழிப்பதற்காக மோதிரத்தைச் சுமப்பவன் ஃப்ரோடோ. அவனுக்குத் துணையாக ஊரிலிருந்து கிளம்பி வந்த தோட்டக்காரன் சாம். அந்த மோதிரத்துக்கு ஆசைப்பட்டு இருவரையும் பிரிக்க நினைக்கும் கொல்லம் என்பவன், ராத்திரியில் கட்டுச்சோற்றைப் பள்ளத்தில் வீசிவிட்டு, ரொட்டித் தூளைச் சாமின் சட்டையில் தூவி, 'இவன்தான் தின்றான்' என்று சொல்கிறான். ஃப்ரோடோ அதை நம்பிவிடுகிறான். சாம் அழுதுகொண்டே படியிறங்குகிறான். நீங்கள் பார்த்தது அதுவரைதான்.

மிச்சத்தைச் சொல்கிறேன். கீழே இறங்கியவன் பள்ளத்தில் கிடக்கும் ரொட்டியைக் கண்டுபிடிக்கிறான். அதைக் கையில் எடுத்துப் பார்க்கிறான், அப்படியே நசுக்குகிறான், திரும்பி ஏறுகிறான். மேலே ஃப்ரோடோவை ஒரு ராட்சதச் சிலந்தி கொட்டி, நூலில் சுற்றிவைத்திருக்கிறது. சாம் தனியாளாக அதோடு சண்டை போடுகிறான். கடைசியில் எரிமலைச் சரிவில் ஃப்ரோடோ ஒரு அடி எடுத்துவைக்க முடியாமல் விழுந்து கிடக்கும்போது, மோதிரத்தை உனக்காக நான் சுமக்க முடியாது, ஆனால் உன்னைச் சுமப்பேன் என்று சொல்லி அவனைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஏறுகிறான். ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓடும் மூன்று படங்களும் சேர்ந்து நம்மைக் கொண்டுபோய் நிறுத்தும் இடம் அது. உங்கள் நண்பர் உங்களுக்குக் காட்ட ஆசைப்பட்டது அதைத்தான் என்று சத்தியம் செய்து சொல்வேன். அவர் அதைப் பார்த்தபோது பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. கோபம் வராதா?

அடுத்து, சின்னப் பிள்ளைகள் கதை என்கிறீர்கள். இந்த வார்த்தைதான் எனக்கு வருத்தம். இதை எழுதிய டோல்கீன் முதல் உலகப் போரில், 1916இல், பிரான்ஸின் சோம் போர்முனையில் சிப்பாய்களோடு பதுங்குகுழியில் கிடந்தவர். பள்ளிக்கூடத்தில் அவரோடு உயிருக்கு உயிராக இருந்த மூவரில் இருவர் அந்தப் போரில் செத்தார்கள். 1918 முடிவதற்குள் நெருங்கிய நண்பர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரையும் இழந்துவிட்டதாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். போரில் தாம் பார்த்த சாதாரண சிப்பாய்களையும், அதிகாரிகளுக்கு ஏவலாளாக இருந்தவர்களையும் மனதில் வைத்தே சாமைப் படைத்ததாகவும் சொன்னார். நாவல் வெளியானது 1954, 55இல். நண்பர்களைப் பறிகொடுத்த ஒரு மனிதர் பல ஆண்டுகள் உட்கார்ந்து எழுதிய கதை, ஐயா. எதையும் சுருக்கென்று தைக்காமல் சொல்ல அவருக்கு மோதிரமும் மரமும் தேவைப்பட்டன. பீட்டர் ஜாக்சன் எடுத்த மூன்றாவது படம் 2004இல் 11 ஆஸ்கர் வாங்கியதெல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம்.

தண்டையார்பேட்டைக்காரர் நீங்கள் இப்படிக் கேட்கலாமா? வைகுண்ட ஏகாதசிக்கும் சிவராத்திரிக்கும் நம் பக்கத்துத் தியேட்டர்களில் விடிய விடிய மூன்று படம் போட்டது உங்கள் வயதுக்கு நினைவில்லாமல் போகாது. ஒரே டிக்கெட். கண் விழித்தால் புண்ணியம் என்று வீட்டிலும் யாரும் தடுக்க மாட்டார்கள். என்னைக் கூட்டிப் போனவர் எங்கள் எதிர்வீட்டுச் சித்தப்பா, துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். மடியில் ஒரு போர்வை, தூக்குச்சட்டியில் புளிசாதம். இரண்டாவது படம் 'மாயாபஜார்'. 1957இல் வந்த படம் எத்தனையாவது தடவையாகவோ அன்றைக்கு ஓடியது. ரங்காராவ் கடோத்கஜனாக உட்கார்ந்திருக்க, லட்டுகள் தாமாகப் பறந்து அவர் வாய்க்குள் போகும் காட்சியில், பகலெல்லாம் மூட்டை தூக்கிய அந்த மனிதர் எழுந்து நின்று கை தட்டினார். வாய் நிறையச் சிரிப்பு. அவருக்கு அப்போது ஐம்பது இருக்கும். யாரும் அவரைச் சின்னப் பிள்ளை என்று சொல்லவில்லை. மூன்றாவது படத்தில் நான் தூங்கி விழுந்தபோது போர்வையை என்மேல் போட்டுவிட்டு, நல்ல கட்டம் வரும்போதெல்லாம் தட்டி எழுப்பினார்: "டேய், பாரு, பாரு, இது போயிட்டா வராது."

இப்போது அந்தப் பழக்கம் நம் பகுதியில் தேய்ந்துவிட்டது. தியேட்டர்களே ஒவ்வொன்றாகப் போகின்றன. 1967இல் திறந்த உங்கள் ஊர் அகஸ்தியாவே 2020இல் மூடிவிட்டது. இந்த நிலையில் ஒருவர் நாள் முழுக்க நம்மோடு உட்காரலாம் என்று தானே டிக்கெட் எடுத்துக்கொண்டு வருகிறார் என்றால், அது எவ்வளவு பெரிய அழைப்பு! தனியாகப் பார்க்க வேண்டும் என்றால் வீட்டிலேயே போனில் பார்த்திருப்பாரே.

முதுகுவலி உண்மைதான், அதை நான் சிறுமைப்படுத்தவில்லை. ஒன்பது மணி நேரம் ஒரே இருக்கையில் உட்காரச் சொல்வது உடம்புக்கு ஆகாது. ஆனால் வலித்தால் ஓரத்து இருக்கைக்கு மாறியிருக்கலாம். கடைசி வரிசைக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்று பார்த்திருக்கலாம். இடைவேளையில் வெளியே ஒரு நடை நடந்திருக்கலாம். இல்லை, "மச்சான், முடியலடா, நான் கிளம்புறேன், மிச்சத்தை உன்கூட இன்னொரு நாள் பாக்குறேன்" என்று அந்த ஒரு வாக்கியத்தைச் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். நீங்கள் கிளம்புகிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே அது தெரிகிறது.

இன்னும் கெட்டுவிடவில்லை. நீங்கள் விட்டுவந்த இடத்திலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரப் படம்தான் பாக்கி. அடுத்த ஞாயிறு மாலை பீச் ஸ்டேஷன் பக்கம் போய் இரண்டு பொட்டலம் அத்தோ, அதுதான் அந்த பர்மா நூடுல்ஸ், கட்டிக்கொள்ளுங்கள், முட்டை மசாலாவும் சேர்த்து. அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். காரணம் எதுவும் சொல்ல வேண்டாம். அந்தப் படிக்கட்டுக் காட்சியிலிருந்து போடச் சொல்லுங்கள்.