ஊரின் மக்கள்தொகைக்கும் சாலை, பஸ் வசதிக்கும் என்ன தொடர்பு? 400 பேர் உள்ள ஊருக்குத் தார்ச்சாலை கிடைக்குமா?

தொடர்பு நேரடியானது. 2000 டிசம்பர் 25 அன்று தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் மக்கள்தொகையைத்தான் அளவுகோலாக வைத்தது: 2001 கணக்கெடுப்பின்படி சமவெளியில் 500 பேர், மலை, பாலைவன, பழங்குடிப் பகுதிகளில் 250 பேர்.

பலரும் தவறவிடும் நுணுக்கம் ஒன்று இருக்கிறது. இங்கே அலகு வருவாய்க் கிராமம் அல்ல, குடியிருப்பு. 2,000 பேர் வாழும் கிராமம் ஐந்து சிற்றூர்களாகச் சிதறிக் கிடந்தால் ஒவ்வொன்றையும் தனியாகத்தான் எண்ணுவார்கள். ஆனால் சமவெளியில் 500 மீட்டருக்குள் இருக்கும் குடியிருப்புகளைச் சேர்த்துக் கணக்கிடலாம். ஆகவே உங்கள் 400 பேரோடு பக்கத்துக் குடியிருப்பின் 120 பேர் சேர்ந்தால் கதை மாறிவிடும். 2024இல் ஒப்புதல் பெற்ற நான்காம் கட்டம் 2011 கணக்கெடுப்பை எடுத்துக்கொள்கிறது, அதையும் பாருங்கள்.

பஸ் வேறு விவகாரம். சாலை வந்த பிறகும் வராது, அல்லது காலையில் ஒன்று, மாலையில் ஒன்று வரும். நடுவில் காலியாக ஓடும் வண்டிக்கு டீசல் செலவு யார் தலையில்? ஊர்க்கோடியில் வண்டி திரும்ப இடமில்லாமல், ஓட்டுநர் பின்பக்கமாகவே எடுத்துக்கொண்டு போகும் ஊர்களும் உண்டு. மனு எழுதும்போது பள்ளிப் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் வண்டி திரும்பும் இடத்தையும் குறிப்பிடுங்கள். வெறும் மக்கள்தொகையைவிட அது எடுபடும்.