டர்போ கேள்வி பதில்: பெரிய டர்போ போட்டால் போதுமா?

2018 ஆக்டேவியா விஆர்எஸ் 230 வைத்திருக்கிறேன், ஸ்டேஜ் 2 ரீமேப் (கூடுதல் சக்திக்காக இன்ஜின் சாஃப்ட்வேரை மாற்றுவது) முடிந்தது. அடுத்து ஐஎஸ்38 டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) போடவா, இல்லை நேரே காரெட் கம்பெனியின் பெரிய டர்போ ஜி25-550க்குப் போய்விடவா?
– கோவை வாசகர்

காரை எங்கே ஓட்டுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை, ஆனால் பதிலே அதில்தான் இருக்கிறது. தினமும் அவிநாசி ரோடு நெரிசலில் ஆபீஸ் போய்விட்டு எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் ஒரு சுற்று சுற்றுகிற கார் என்றால் ஐஎஸ்38 தாராளம். கோல்ஃப் ஆர், ஆடி எஸ்3 கார்களில் கம்பெனியே பொருத்திய டர்போ அது, உங்கள் காரில் இப்போதுள்ள ஐஎஸ்20 டர்போ இருக்கிற இடத்திலேயே உட்காரும், பெரிய வெட்டு ஒட்டு வேலை இல்லை. ஒரே குறை, இப்போது 1,500 ஆர்பிஎம்மிலேயே வருகிற இழுப்பு கொஞ்சம் தள்ளித்தான் வரும். சிட்டி டிராஃபிக்கில் அது எரிச்சலாக இருக்கும்.

ஜி25-550 பெயரில் இருக்கிற 550 என்பது அந்த டர்போ எட்டக்கூடிய குதிரைத்திறன். தோராயக் கணக்கில் 10 குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்கு ஒரு பவுண்டு காற்று வேண்டும். அவ்வளவு காற்றை உள்ளே தள்ளினால் அதற்கேற்ற பெட்ரோல் வேண்டும், இன்ஜெக்டர், பம்ப் எல்லாம் மாற்ற வேண்டும், அப்புறம் பங்கில் 95 ஆக்டேன் போட்டுக்கொண்டு நாக்கிங் (பெட்ரோல் நேரம் தவறித் தானே வெடிப்பது) வருகிறது என்று எனக்கே மறுபடி எழுதுவீர்கள். அதைவிட முக்கியம் கியர்பாக்ஸ். உங்கள் டிக்யூ250 வடிவமைக்கப்பட்டதே 350 நியூட்டன் மீட்டர் டார்க்குக்கு (சுழற்றும் விசைக்கு), கார் ஷோரூமை விட்டு வெளியே வந்தபோதே அந்த எல்லையில்தான் இருந்தது. அதனால் முதல் செலவு கிளட்ச்சுக்கும் கியர்பாக்ஸ் ட்யூனுக்கும், டர்போ அதற்கு அடுத்துதான். மாற்றியதை இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் மறைக்காதீர்கள், க்ளெய்ம் சமயத்தில் பிரச்சினையாகும்.

புது டர்போ போட்டுச் சில வாரங்கள்தான் ஆகிறது. சிக்னலில் நின்று கிளம்பினால் பின்னால் நீலப் புகை. ‘சீல் போயிடுச்சு, வேற டர்போ வாங்குங்க’ என்கிறார் மெக்கானிக்.
– அம்பத்தூர் வாசகர்

வாங்காதீர்கள், இப்போதைக்கு. பலர் நினைக்கிற மாதிரி டர்போ ஷாஃப்ட்டில் ரப்பர் சீல் கிடையாது, பிஸ்டன் ரிங் போல ஒரு சின்ன உலோக வளையம்தான். ஆயிலை அடைத்து நிறுத்துவது அதன் வேலையே இல்லை. பேரிங்குக்குப் போன ஆயில் தன் எடையிலேயே கீழே சம்ப்புக்கு, அதாவது இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டிக்கு, வடிந்துவிட வேண்டும். வடியாவிட்டால் சாக்கடை அடைத்த குளியலறை கதைதான், மேலே தேங்கி வளையத்தைத் தாண்டி எக்ஸாஸ்ட்டுக்கோ இன்டேக்குக்கோ போய்விடும், நீங்கள் பார்க்கிற புகை அதுதான்.

ஆகவே முதலில் ரிட்டர்ன் பைப்பைப் பாருங்கள். எங்காவது மடிந்திருக்கிறதா, நடுவில் மேலே ஏறி இறங்குகிறதா, சம்ப்பில் ஆயில் மட்டத்துக்குக் கீழே போய்ச் சேருகிறதா, இதில் எது இருந்தாலும் ஆயில் சரியாக வடியாது. கேஸ்கெட்டோடு சேர்த்து சிலிக்கான் பூசியிருந்தால் அது பிதுங்கிப் பாதி வழியை அடைத்திருக்கும், இது நம் ஊர் கடைகளில் ரொம்ப சகஜம். ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றியிருந்தாலும், பிசிவி (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் வால்வு) அடைத்து இன்ஜினுக்குள் அழுத்தம் ஏறியிருந்தாலும் இதே புகைதான். பால் பேரிங் டர்போ என்றால் ஆயில் உள்ளே வரும் இடத்தில் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் துளையுள்ள, ஆயில் வரத்தை மட்டுப்படுத்தும் ரெஸ்ட்ரிக்டர் இருக்கிறதா என்று கேளுங்கள், அதைக் கழற்றி வைத்துவிட்டுப் பொருத்தாமல் விடுகிறவர்கள் உண்டு.

இதெல்லாம் சரி என்றால், இன்ஜின் ஆறியபின் இன்டேக் பைப்பைக் கழற்றி ஷாஃப்ட்டை விரலால் ஆட்டிப் பாருங்கள். குண்டுகள் இல்லாத சாதாரண ஜர்னல் பேரிங்கில் பக்கவாட்டு ஆட்டம் கொஞ்சம் இருக்கும், அந்த இடைவெளியில்தான் ஓடும்போது ஆயில் படலம் நிற்கும், பயப்பட வேண்டாம். முன்னும் பின்னும் ஆட்டம் கையில் தட்டுப்பட்டாலோ பிளேடு ஹவுசிங்கில் உரசியிருந்தாலோ மெக்கானிக் சொன்னது சரி. அப்போதும் எதனால் போனது என்று கண்டுபிடிக்காமல் இன்னொன்றை மாட்டினால் அதுவும் போகும்.

கீழே 1.2 பார் பூஸ்ட்டில் நன்றாக ஓடும் கார், ஊட்டியில் அதே 1.2க்கு டர்போ கீச்சென்று கத்துகிறது. ஏன்?
– மேட்டுப்பாளையம் வாசகர்

பூஸ்ட் கேஜ் காட்டுவது, டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம் வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு என்பதை. டர்போ பார்ப்பதோ விகிதத்தை. கடல் மட்டத்தில் வெளிக்காற்று ஏறக்குறைய 1 பார், 1.2 சேர்த்தால் 2.2 மடங்கு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்கே வெளிக்காற்றே சுமார் 0.77 பார்தான், அதற்கு மேல் 1.2 வேண்டுமென்றால் 2.5 மடங்குக்கு மேல் அழுத்த வேண்டும். அதற்கு ஷாஃப்ட் இன்னும் வேகமாகச் சுற்றியாக வேண்டும், ஏற்கெனவே நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டி ஓடுகிற பொருள் அது. டர்போவின் திறன் எல்லையைக் காட்டும் கம்ப்ரஸர் மேப்பில் மேல் விளிம்புக்குப் போய்விடுவீர்கள். உயரத்துக்கேற்ப பூஸ்ட்டைக் குறைக்கிற வரம்பு கம்பெனி சாஃப்ட்வேரில் இருக்கும், ரீமேப்பில் அதைத் தூக்கிவிட்டார்களா என்று ட்யூனரிடம் கேளுங்கள். தூக்கியிருந்தால் திரும்பப் போடச் சொல்லுங்கள். அதுவரை மலையில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்க வேண்டாம்.

2021 ஸ்விஃப்ட் பெட்ரோல். மலிவாக ஒரு டர்போ கிட் கிடைக்கிறது, போடலாமா?
– மதுரை வாசகர்

வேண்டாம். உங்கள் இன்ஜினின் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் விகிதம்) ஏற்கெனவே 12:1, டர்போவுக்காகச் செய்தது அல்ல. அந்தப் பணத்தில் நல்ல டயர் போடுங்கள்.