முறுக்குக் கணக்குகளில் ஷாஃப்ட், ஸ்பிரிங் இரண்டுக்கும் எந்தச் சூத்திரத்தை எங்கே போடுவது என்று குழம்புகிறது. எளிதாகப் போட வழி உண்டா?

இரண்டையும் தனித்தனிப் பாடமாக மனப்பாடம் செய்வதால் வரும் குழப்பம் இது. ஸ்பிரிங் என்பது சுருட்டி வைத்த ஷாஃப்ட்தான். வட்டக் குறுக்குவெட்டு, மீள் எல்லைக்குள் சுமை என்ற இரண்டும் பொருந்தும் வரை இந்த ஒரே சமன்பாடு போதும்:

டார்க் ÷ போலார் மொமென்ட் = ஷியர் ஸ்ட்ரெஸ் ÷ ஆரம் = விறைப்புக் குணகம் × முறுக்குக் கோணம் ÷ நீளம்

டார்க் என்பது முறுக்கும் திருப்பம்; போலார் மொமென்ட் என்பது குறுக்குவெட்டின் வடிவமும் அளவும் முறுக்கை எவ்வளவு எதிர்க்கும் என்பதன் அளவு; ஷியர் ஸ்ட்ரெஸ் என்பது முறுக்கால் பொருளுக்குள் வரும் சறுக்குத் தகைவு; விறைப்புக் குணகம் பொருளின் பண்பு. முதல் இரண்டும் வலிமைக்கு. முதலும் மூன்றாவதும் விறைப்புக்கு. கேள்வியில் ஸ்ட்ரெஸ் வரம்பு, கோண வரம்பு இரண்டும் இருந்தால் விட்டத்தை இரண்டு முறை கண்டுபிடித்துப் பெரியதை எடுக்க வேண்டும்.

எண் போட்டுப் பார்ப்போம். 30 கிலோவாட் திறன், நிமிடத்துக்கு 300 சுற்று, அனுமதித்த ஸ்ட்ரெஸ் 60 நியூட்டன்/மி.மீ.², 1 மீட்டர் நீளத்தில் 1 டிகிரிக்கு மேல் முறுக்கக் கூடாது, விறைப்புக் குணகம் 80,000 நியூட்டன்/மி.மீ.². டார்க் = 60 × 30,000 ÷ (2 × பை × 300) = 955 நியூட்டன்-மீட்டர். இங்கேயே அதை 9,55,000 நியூட்டன்-மி.மீ. என்று மாற்றிவிடுங்கள். பிறகு எதையும் மீட்டரில் எழுதாதீர்கள்; தப்புகளில் பாதி இந்த இடத்தில்தான் நுழைகிறது.

வலிமைப்படி: விட்டம்³ = 16 × டார்க் ÷ (பை × ஸ்ட்ரெஸ்). விட்டம் 43.3 மி.மீ. விறைப்புப்படி: 1 டிகிரி என்றால் 0.01745 ரேடியன். போலார் மொமென்ட் சுமார் 6,84,000 மி.மீ.⁴, அதிலிருந்து விட்டம் 51.4 மி.மீ. ஆக 51.4தான் விடை. அந்த விட்டத்தில் ஸ்ட்ரெஸ் 36தான் வரும்; 60 வரை போகவே இல்லை. கோணத்தை ரேடியனாக மாற்ற மறந்தால் போலார் மொமென்ட் 57 மடங்கு குறைந்து, விட்டம் 19 மி.மீ. அளவில் வந்து நிற்கும். வலிமைக்கே 43 தேவைப்படும்போது 19 என்று வந்தால் சந்தேகப்பட வேண்டாமா?

"பெரும டார்க் சராசரியைவிட 25% அதிகம்" என்று ஒரு வரி கேள்வியில் இருந்தால், 955ஐ 1.25ஆல் பெருக்கிய பிறகே விட்டத்துக்குப் போக வேண்டும். திறன் சூத்திரம் தருவது சராசரி டார்க் மட்டுமே.

உள்ளீடற்ற ஷாஃப்ட்டில் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: வலிமைக்கு வெளிவிட்டம்³ − உள்விட்டம்³ என்று போட்டுவிடுவது. சரியானது (வெளிவிட்டம்⁴ − உள்விட்டம்⁴) ÷ வெளிவிட்டம். உள்விட்டம் வெளிவிட்டத்தில் 0.6 பங்கு என்றால், அதே வெளிவிட்டமுள்ள திட ஷாஃப்ட்டோடு ஒப்பிட எடை 36% குறையும், வலிமை 13% மட்டுமே குறையும். மையத்தருகே உள்ள பொருள் பெரிதாக வேலை செய்வதில்லை.

ஷாஃப்ட்கள் வரிசையாக இணைந்தால் டார்க் ஒன்றே, கோணங்களைக் கூட்ட வேண்டும். ஒன்றுக்குள் ஒன்று இறுக்கமாக இருந்தால் கோணம் ஒன்றே, டார்க்குகளைக் கூட்ட வேண்டும்.

இனி ஸ்பிரிங். சுமை காயிலின் நடுக்கோட்டில் இறங்குகிறது; கம்பிக்கு வரும் டார்க் = சுமை × சராசரி ஆரம். கம்பியின் நீளம் = பை × சராசரி விட்டம் × சுற்றுகள். இரண்டையும் மேலே உள்ள சமன்பாட்டில் போட்டுக் கோணம் கண்டு, ஆரத்தால் பெருக்கினால் அமுக்கம், அதாவது ஸ்பிரிங் சுருங்கும் தூரம், வந்துவிடும்:

அமுக்கம் = 8 × சுமை × சராசரி விட்டம்³ × சுற்றுகள் ÷ (விறைப்புக் குணகம் × கம்பி விட்டம்⁴)

கம்பி 6 மி.மீ., காயிலின் வெளிவிட்டம் 46 மி.மீ., 10 சுற்று, சுமை 200 நியூட்டன், குணகம் அதே 80,000 என்று வையுங்கள். சராசரி விட்டம் 46 − 6 = 40. அமுக்கம் 9.88 மி.மீ., விறைப்பு 20.25 நியூட்டன்/மி.மீ. அவசரத்தில் 46ஐயே போட்டால் 15 மி.மீ. என்று வரும், 52% தப்பு. மூன்றாம் அடுக்கு செய்யும் வேலை. கேள்வியில் தருவது வெளிவிட்டமா உள்விட்டமா சராசரியா என்று முதலில் பார்க்கச் சொல்வது இதனால்தான். காயிலின் இரு முனைகளும் தட்டையாக்கப்பட்டவை என்றிருந்தால், மொத்தச் சுற்றில் இரண்டைக் கழித்த பிறகே சூத்திரத்தில் போடவும்.

ஸ்ட்ரெஸ் = 8 × சுமை × சராசரி விட்டம் ÷ (பை × கம்பி விட்டம்³) = 94.3. இது வெறும் முறுக்குக்கு. கம்பியின் வளைவையும் நேரடி ஷியரையும் சேர்க்கும் வால் (Wahl) காரணி இந்த ஸ்பிரிங்குக்கு 1.22, அதோடு 115 ஆகிவிடும். "நெருங்கிய சுருள்" என்று மட்டும் சொல்லும் பாடக் கணக்குகளில் அதைக் கேட்பதில்லை. வடிவமைப்புக் கணக்கில் விடக்கூடாது.

விழும் எடை கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. இதே ஸ்பிரிங் மேல் 100 நியூட்டன் எடை 50 மி.மீ. உயரத்திலிருந்து விழுந்தால், எடை இறங்கும் தூரம் 50 அல்ல, 50 + அமுக்கம். ½ × 20.25 × அமுக்கம்² = 100 × (50 + அமுக்கம்). தீர்த்தால் 27.7 மி.மீ.; அமுக்கத்தைச் சேர்க்காமல் விட்டால் 22.2தான் வரும். ஸ்பிரிங் அந்தக் கணம் தாங்கும் சுமை 20.25 × 27.7 = 561 நியூட்டன். ஸ்ட்ரெஸ் கேட்டால் போட வேண்டியது இந்த 561, 100 அல்ல.