தொழுவ வேலைக்கு ஸ்கிட் ஸ்டியர் லோடர்: முதலில் வாசலை அளந்து பாருங்கள்

கேள்வி: நாற்பது மாடுகள் இருக்கின்றன. சாணி வழிக்க, 400 கிலோ வரை வரும் உருளை வைக்கோல் கட்டுகளை நகர்த்த, எருவை டிரெய்லரில் ஏற்ற ஒரு ஸ்கிட் ஸ்டியர் லோடர் (இரு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழற்றித் திரும்பும், முன்னால் பக்கெட் மாட்டிய சிறிய வண்டி) வாங்க நினைக்கிறேன். எத்தனை குதிரைத்திறன் எடுக்கலாம், டயரா டிராக்கா (சக்கரத்துக்குப் பதில் ஓடும் ரப்பர் பட்டை)? தொழுவத்துக்குப் போகும் பாதை சரிவானது.

பதில்: குதிரைத்திறனைவிட வண்டியின் அளவும் அது தூக்கும் எடையும்தான் முக்கியம். முதலில் டேப்பை எடுத்துக்கொண்டு போய் வாசல் அகலம், கூரையில் தாழ்ந்திருக்கும் உத்தரம், தூண்களுக்கு நடுவே உள்ள இடைவெளி எல்லாவற்றையும் அளந்து எழுதுங்கள். வண்டியின் அகலத்தோடு நிறுத்திவிடாதீர்கள், பக்கெட் அதைவிட அகலமாக இருக்கும். 1957-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் கெல்லர் சகோதரர்கள் இந்த வண்டியின் முதல் வடிவத்தைச் செய்ததே ஒரு வான்கோழிக் கொட்டகையின் தூண்களுக்கு நடுவே புகுந்து எச்சம் வாரத்தான், அதனால் உங்கள் வேலைக்குப் பொருத்தமான வண்டிதான், அளவு மட்டும் சரியாக அமைய வேண்டும்.

அடுத்தது எடை. விவரத்தாளில் எந்தப் பாரத்தில் வண்டி முன்னால் சாயும் என்று ஓர் எண்ணும், எவ்வளவு தூக்கலாம் என்று ஓர் எண்ணும் இருக்கும். டயர் வண்டியில் இரண்டாவது எண் முதலாவதில் பாதி. விற்பவர் பெரிய எண்ணைச் சொன்னால் நீங்கள் சின்ன எண்ணைக் கேளுங்கள். அதுவும் சாதாரண பக்கெட்டை வைத்துக் கணக்கிட்டது. கட்டு தூக்கும் கவ்வி மாட்டினால் அதன் எடை கூடுகிறது, கட்டின் பாரமும் பக்கெட்டில் இருக்கும் மண்ணைவிடத் தள்ளி முன்னால் நிற்கிறது, மழையில் நனைந்த கட்டு என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் 400 கிலோ கட்டுக்கு 700 கிலோவாவது தூக்கும் வண்டியைப் பாருங்கள் என்பேன். டிரெய்லரில் ஏற்றுவதற்கு, பக்கெட்டைத் தூக்கும் இரும்புக் கை நேராக மேலே எழும் வகை நல்லது, வில்போல் வளைந்து எழும் வகை தோண்டுவதற்குத்தான் வசதி.

சிமெண்ட் தளம் என்றால் டயரே போதும், டிராக் அதில் சீக்கிரம் தேயும். டயர் வண்டியையும் நின்ற இடத்திலேயே சுழற்றாமல், முன்னும் பின்னும் நகர்த்தித் திருப்பினால் நாள்பட உழைக்கும்.

சரிவு விஷயத்தில்தான் எனக்குக் கவலை. என்ஜின் பின்னால் இருப்பதால் வெறும் வண்டிக்குப் பின்பக்கம் கனம், பாரம் எடுத்துவிட்டால் முன்பக்கம் கனம். கனமான பக்கம் எப்போதும் மேட்டைப் பார்த்தே இருக்க வேண்டும்: காலியாக ஏறும்போது ரிவர்ஸில் ஏறுங்கள், பாரத்தோடு ஏறும்போது முன்னோக்கி ஏறுங்கள், பாரத்தோடு இறங்கும்போது ரிவர்ஸில் இறங்குங்கள். சரிவின் குறுக்கே திரும்பவே வேண்டாம். ஈரச் சாணியை நெஞ்சுயரத்துக்குத் தூக்கிக்கொண்டே ஒருவர் இறக்கத்தில் பிரேக் பிடித்தபோது பின்சக்கரம் இரண்டும் ஒரு சாண் உயரம் எழும்பியதை நேரில் பார்த்திருக்கிறேன். பக்கெட்டைப் பட்டென்று கீழே இறக்கியதால் தப்பினார். பாரத்தைத் தரையிலிருந்து ஓர் அடிக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓட்டாதீர்கள்.

வண்டியின் கை மேலே இருக்கும்போது வண்டியை விட்டு இறங்கக் கூடாது, அந்தக் கையின் கீழே வேலை பார்ப்பதென்றால் அதைத் தாங்கும் முட்டுக்கட்டையைப் பூட்டிவிட்டே நுழையுங்கள். பழைய வண்டி வாங்கினால் மடிக்கம்பியை (ஓட்டுபவரின் மடிக்கு மேல் இறங்கும் பாதுகாப்புக் கம்பி) தூக்கிப் பாருங்கள், அப்போதும் வண்டியின் கை அசைந்தால் யாரோ பாதுகாப்பு சுவிட்சைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள், அதைச் சரிசெய்யாமல் ஓட்ட வேண்டாம். என்ஜின் அறையிலும் ரேடியேட்டரிலும் சேரும் வைக்கோல் தூசியைத் தினமும் ஊதி எடுங்கள், சூட்டில் அது தீப்பிடிக்கும். ஹைட்ராலிக் குழாயில் கசிவு இருக்கிறதா என்று கையால் தடவாமல் அட்டையை நீட்டிப் பாருங்கள். ஊசித்துளை வழியாகப் பீய்ச்சும் எண்ணெய் தோலுக்குள் புகுந்துவிடும், காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போயாக வேண்டும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் வண்டியை உங்கள் தொழுவத்துக்கே வரவழைத்து, இருப்பதிலேயே கனமான கட்டை எடுத்துக்கொண்டு அந்தச் சரிவில் ஒருமுறை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.