வயதில் பொய், பாட்டில் மெய்யா?

கேள்வி: சென்ற இதழில் அமெரிக்கக் கிராமத்து இசையான ‘கன்ட்ரி’யின் பாடகி லொரெட்டா லின்னை ‘உண்மையைப் பாடியவர்’ என்று எழுதியிருந்தீர்கள். 13 வயதில் தனக்குக் கல்யாணம் ஆனதாகச் சொல்லி உலகத்தையே நம்பவைத்தவர் அவர். ஆவணங்களைப் பார்த்தால் 15. வயதிலேயே பொய் சொன்னவர் பாட்டில் மட்டும் உண்மை சொன்னாரா? தவிர, புருஷன் பெண்டாட்டிச் சண்டையை ரேடியோவில் பாடியதெல்லாம் ஒரு சாதனையா?
— ஒரு வாசகர், கோவை

பதில்: ஆவணம் சொல்வதுதான் சரி. அவர் பிறந்தது 1932 ஏப்ரல் 14. கல்யாணம் 1948 ஜனவரி. வயது 15. இந்த விவரம் 2012-ல் செய்தியாக வெளிவந்தது. அதற்குள் 1976-ல் வந்த அவரது சுயசரிதையும், 1980-ல் வந்த திரைப்படமும் 13 என்ற கணக்கை ஊர் ஊராகப் பரப்பிவிட்டிருந்தன. வயதைக் குறைத்துச் சொன்னது தவறு. சென்ற இதழில் நாங்கள் இதைக் குறிப்பிடாமல் விட்டதும் தவறுதான். இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் 13-ஐ அடித்துவிட்டு 15 என்று எழுதிய பிறகு அந்த வாழ்க்கையில் எந்தக் கஷ்டம் குறைந்துவிட்டது? கென்டக்கி மலையில் புட்சர் ஹாலோ என்ற இடுக்கில் பிறந்த பெண். எட்டுப் பிள்ளைகளில் இரண்டாவது. 15 வயதில் கல்யாணம் முடிந்து, வயிற்றில் பிள்ளையோடு, மூவாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் கனடா எல்லையோரம் கஸ்டர் என்ற ஊருக்குப் போனார். இருபது வயதாகும்போது நான்கு குழந்தைகள். பிறகு 1964-ல் இரட்டைப் பெண்கள். இதெல்லாம் அதே ஆவணங்கள் காட்டும் கணக்குத்தான். பிற்பாடு அவர் பாடியதெல்லாம் இந்தக் கணக்கிலிருந்து வந்தது. குறைத்துச் சொன்ன அந்த வருடங்களைப் பற்றி அவர் பாடவில்லை.

1953-ல் கணவர் டூலிட்டில் 17 டாலருக்கு ஒரு கிட்டார் வாங்கிக் கொடுத்தார். யாரும் கற்றுக்கொடுக்காமல், குழந்தைகள் தூங்கிய நேரத்தில் தானாகவே பழகியவர் லொரெட்டா. 1960-ல் ஜீரோ என்ற சின்னக் கம்பெனி அவர் எழுதிய ‘ஹாங்கி டாங்க் கேர்ள்’ பாட்டை இசைத்தட்டாகப் போட்டது. விளம்பரத்துக்குக் காசு கிடையாது. புருஷனும் மனைவியும் காரில் இசைத்தட்டுகளை ஏற்றிக்கொண்டு, வழியில் தென்பட்ட ரேடியோ நிலையத்திலெல்லாம் இறங்கி, ‘இதைக் கொஞ்சம் போடுங்கள்’ என்று கேட்டார்கள். காரிலேயே தூங்கினார்கள். அந்தத் தட்டு தேசிய கன்ட்ரி பட்டியலில் 14-ஆம் இடம் வரை ஏறியது. அதே ஆண்டு, கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில், ரேடியோவில் ஒலிபரப்பாகும் ‘கிராண்ட் ஓல் ஓப்ரி’ இசை நிகழ்ச்சியின் மேடையில் பாடினார். 1962-ல் அதன் நிரந்தர உறுப்பினரானார்.

அடுத்தது டெக்கா என்ற இசைத்தட்டுக் கம்பெனி. அங்கே தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி. நாஷ்வில் பாட்டுகளுக்கு வயலின் கூட்டமும் பின்குரல்களும் சேர்த்துப் பட்டுத்துணி போர்த்தியவர் அவர். அப்படிப்பட்டவர் லொரெட்டாவின் மலைநாட்டு உச்சரிப்பை மட்டும் திருத்தாமல் விட்டுவைத்தார். அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

இப்போது உண்மைக்கு வருவோம். 1970-ல் வெளிவந்த ‘கோல் மைனர்ஸ் டாட்டர்’, அதாவது சுரங்கத் தொழிலாளி மகள், அவரே எழுதிய பாட்டு. ராத்திரி முழுக்க வான் லியர் சுரங்கத்தில் கரி வெட்டிவிட்டு, பகலில் சோளக்கொல்லையில் களைக்கொத்து பிடிக்கும் அப்பா. சலவைப் பலகையில் தேய்த்துத் தேய்த்து விரலில் ரத்தம் கசியும் அம்மா. கோடையில் வெறுங்கால், குளிருக்கு மட்டும் செருப்பு. பாட்டு நீளமாகிவிட்டதென்று பிராட்லி சில சரணங்களை வெட்டச் சொன்னார். வெட்டிய பிறகும் அதில் ஒரு குடும்பம் முழுசாக உட்கார்ந்திருக்கிறது.

அதில் ஓர் இடம். வேலை கடினம் என்ற பொருளில் ‘ஹார்ட்’ என்று ஒரு வரி முடியும். அடுத்த வரி ‘டயர்ட்’ என்று, களைத்துப்போனோம் என்று முடியும். பள்ளிக்கூட ஆங்கிலத்தில் சொன்னால் இரண்டுக்கும் இயைபு கிடையாது. லொரெட்டா அதை ‘டார்ட்’ என்றுதான் பாடுவார். புட்சர் ஹாலோவில் அப்படித்தான் பேசுவார்கள். அந்த ஊர் வாய்க்குத்தான் அந்த இரண்டு வரியும் பொருந்தும். ஊரை மறைக்க நினைத்தவர் அந்தச் சொல்லை மாற்றியிருப்பார். அவர் மாற்றவில்லை. அப்பா இந்தப் பாட்டைக் கேட்கவும் இல்லை. கரித்தூசி நுரையீரலைத் தின்ற அந்த மனிதர், மகளின் முதல் இசைத்தட்டு வருவதற்கு முந்தைய ஆண்டே, 1959-ல், இறந்துவிட்டார்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் என்னைக் கோபப்படுத்துகிறது. ‘புருஷன் பெண்டாட்டிச் சண்டை’ என்கிறீர்கள். குடித்ததையும் மனைவியோடு முறிந்ததையும் கன்ட்ரி பாடகர் ஹேங்க் வில்லியம்ஸ் பாடினார். அதை மனித சோகம் என்றார்கள். அதே வீட்டின் மறுபக்கத்திலிருந்து ஒரு பெண் பாடினால் மட்டும் அது சண்டையா? குடித்துவிட்டு ஆசையோடு வீட்டுக்கு வராதே என்ற பாட்டை லொரெட்டா தன் தங்கையோடு சேர்ந்து எழுதினார். 1967-ல் அது கன்ட்ரி பட்டியலில் அவருக்கு முதல் முதலிடம். அதே தலைப்பில் வந்த ஆல்பம் பிறகு, பெரிய விற்பனைக்குத் தரப்படும் தங்கத்தட்டுச் சான்று பெற்றது. கன்ட்ரி இசையில் ஒரு பெண்ணுக்கு அது கிடைத்தது அப்போதுதான் முதல் தடவை. வாங்கியவர்களில் அடுப்படியில் நின்றபடி ரேடியோ கேட்ட பெண்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு அது யாரோ ஒரு வீட்டுச் சண்டையாகத் தெரியவில்லை.

அவரே எழுதிய ‘ரேட்டட் எக்ஸ்’, அதாவது ‘வயது வந்தோருக்கு மட்டும்’ என்ற முத்திரை, 1972-ல் வெளிவந்தது. விவாகரத்தான பெண்ணை ஆண்கள் எப்படிப் பார்க்கிறார்கள், ஊர்ப் பெண்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதுதான் பாட்டு. அதுவும் முதலிடம் போனது. அதே ஆண்டு கன்ட்ரி இசைச் சங்கத்தின் ‘ஆண்டின் சிறந்த கலைஞர்’ விருது வாங்கினார். அந்த விருதை வாங்கிய முதல் பெண் அவர்தான்.

பிறகு ‘தி பில்’. கருத்தடை மாத்திரையைப் பற்றிய பாட்டு. வருஷா வருஷம் பிள்ளை பெற்றுச் சலித்த மனைவி, இனி அந்த முடிவு என் கையில் என்று புருஷனிடம் சந்தோஷமாகச் சொல்கிறாள். 1972-லேயே பதிவாகிவிட்டது, கம்பெனி பயந்துகொண்டு 1975 வரை வெளியிடவில்லை. வெளியிட்டதும் பல ரேடியோ நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. தேவாலயப் பிரசங்கத்தில் கண்டித்தார்கள். அப்படியும் கன்ட்ரி பட்டியலில் 5-ஆம் இடம் வந்தது. கிராமத்து மருத்துவர்கள் தன்னிடம் வந்து, நாங்கள் அச்சடித்த துண்டறிக்கைகளைவிட உங்கள் பாட்டுத்தான் விஷயத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது என்று சொன்னதாக அவர் ஒரு பேட்டியில் சொன்னார். இருபது வயதுக்குள் நான்கு பெற்ற பெண் அதைப் பாடியபோது, ஏட்டறிவு என்று யாரால் தள்ள முடியும்?

டூலிட்டில் குடித்தார், வேறு பெண்களோடு பழகினார். மேடை ஏற மாட்டேன் என்று பயந்த லொரெட்டாவைத் தள்ளி ஏற்றியவரும் அவரேதான். இரண்டையும் லொரெட்டா மறைத்ததில்லை. 1996-ல் டூலிட்டில் இறக்கும்வரை கூடவே வாழ்ந்தார். அது சரியா தவறா என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. அந்த வீட்டில் நான் இருந்ததில்லை.

2004-ல், மெய்யான கணக்கில் 72 வயதில், ஜாக் ஒயிட் என்ற இளம் ராக் இசைக்கலைஞரோடு ‘வான் லியர் ரோஸ்’ ஆல்பத்தை வெளியிட்டார். பழைய புகழை விற்கும் ஆல்பம் அல்ல அது. பாட்டு முழுக்க அவரது சொந்த எழுத்து. தலைப்புப் பாட்டில், அப்பாவின் மனதில் பதிந்த இளம்பெண்ணாக அவருடைய அம்மா வருகிறார். இன்னொன்றில், கணவர் போன பிறகு காலியாகிவிட்ட வீடு. வெறும் கிட்டாரோடு, குரலில் வயதின் நடுக்கத்தை மறைக்காமல் பாடியிருக்கிறார். இரண்டு கிராமி விருதுகள் வந்தன. 2017-ல் பக்கவாதம் தாக்கிய பிறகும் 2021-ல் இன்னொரு ஆல்பம் கொண்டுவந்தார். 2022 அக்டோபர் 4 அன்று டென்னசியில் தன் வீட்டில் இறந்தார். வயது 90.

ஆவணத்தை நீங்கள் பார்த்துவிட்டீர்கள், நல்லது. இனிப் பாட்டுகளையும் கேளுங்கள். முதலில் ‘கோல் மைனர்ஸ் டாட்டர்’. அந்த ‘டார்ட்’ வரும் இடத்தைத் தவறவிடாதீர்கள். பிறகு நேராக ‘வான் லியர் ரோஸ்’ ஆல்பத்துக்குப் போங்கள். கேட்ட பிறகும் பொய் என்றுதான் தோன்றினால், எந்த வரி என்று எழுதி அனுப்புங்கள். இதே பக்கத்தில் போடுகிறேன்.