வரைபடத்தில் 1:50,000 பெரிய அளவையா, 1:10,00,000 பெரிய அளவையா?

1:50,000 தான் பெரிய அளவை. பத்து லட்சம் பெரிய எண்ணாயிற்றே என்றுதான் மாணவர்கள் பலரும் தடுமாறுகிறார்கள். இரண்டையும் பின்னமாகப் பாருங்கள். ஒரு தோசையை நான்கு பேருக்குப் பிரித்தால் கிடைக்கும் துண்டு, நாற்பது பேருக்குப் பிரித்தால் கிடைப்பதைவிடப் பெரியதுதானே? அதே கணக்கு.

1:50,000 என்றால் தாளில் 1 செ.மீ., தரையில் 50,000 செ.மீ., அதாவது 500 மீட்டர். மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தின் ஒரு பக்கம் ஏறத்தாழ 300 மீட்டர். இந்தப் படத்தில் அது 6 மி.மீ. வரும், சதுரமாகவே தெரியும். 1:10,00,000 படத்தில் வெறும் 0.3 மி.மீ., பென்சில் புள்ளிக்குள் அடங்கிவிடும். பெரிய அளவைப் படம் சின்ன இடத்தை விரிவாகக் காட்டும். சிறிய அளவை, மாநிலம், நாடு போன்றவற்றுக்கு.

சாலை வளைந்து போனால் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். ஈர நூலை அதன் மேல் வளைத்து வைத்து, பிறகு நீட்டி அளந்தால் போதும்.

அப்புறம், இந்திய நில அளவைத் துறையின் படங்களில் வரும் பழுப்புக் கோடுகள். இவைதான் சம உயரக் கோடுகள், அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைப்பவை. நெருக்கமாக இருந்தால் செங்குத்துச் சரிவு, விலகியிருந்தால் மென்சரிவு. கோடுகள் V போல மடங்கும் இடத்தில் அவற்றின் உயர எண்களைப் பாருங்கள்: முனை உயரமான பக்கம் நோக்கினால் பள்ளத்தாக்கு, தாழ்வான பக்கம் நோக்கினால் மலை நீட்சி. பள்ளத்தாக்கில் பெரும்பாலும் ஓடைக்கோடும் கூடவே ஓடும். அதை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.