உதவித்தொகை உயர என்ன செய்யலாம்?

கேள்வி: எங்கள் அடுக்குமாடியில் பலர் சமூக நல இலாகாவின் உதவித்தொகையை நம்பியே வாழ்கிறோம். அதை உயர்த்தக் கோரி மகஜர் கொடுத்தால் பலன் இருக்குமா?
— வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: கணக்கோடு கொடுத்தால் மதிப்பு உண்டு. குடும்பத்துக்கு மாதம் 980 ரிங்கிட் என்றிருந்த வறுமைக்கோடு மிகவும் தாழ்வானது என்று ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் 2019-இல் இங்கு வந்து சுட்டிக்காட்டிய பின்னர், 2020-இல் அது 2,208 ரிங்கிட்டாகத் திருத்தப்பட்டது. (கோடு உயர்ந்ததால் மட்டும் எவர் வீட்டிலும் உலை கொதித்துவிடவில்லை என்பது வேறு விஷயம்.) எனவே வாடகை, அரிசி, பள்ளிப் பேருந்து எனப் பத்துக் குடும்பங்களின் மாதச் செலவை எழுதி, வழக்கமாக அக்டோபரில் தாக்கலாகும் வரவு செலவுத் திட்டத்துக்குச் சில மாதங்கள் முன்பே உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் நேரில் கொடுங்கள், அந்த இலாகா மத்திய அரசின் கீழ் இருப்பதால், சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு நகல் போதும்.